கதவைச் சாத்தியது பற்றிச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, தங்கள் மகளின் மாமனார் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் ஒருவனைத் தவிர எல்லோரும் சுகம். தாங்களும் சம்பந்தியம்மாளும் சுகமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். சேர்ந்துவிட்டதாகத் தாங்கள் போன் செய்யவில்லை. செய்யாததன் காரணம் எனக்குத் தெரியும் என்பதால் அதைக் குறையாக எழுதவில்லை.

பேரக்குழந்தையைப் பார்க்கக் கொட்டுகிற மழையில் ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் வந்த தங்கள் முகத்துக்கு நேரே நான் கதவைச் சாத்தியது பற்றி விளக்க வேண்டியிருக்கிறது. தாங்கள் அறிந்தபடி நான் இருந்தது தீயணைப்புத் துறை. தீயை அணைத்தவன் அல்ல. சினிமா தியேட்டர், துணிக்கடை, ஓட்டல் என்று போய், மணல் வாளி இருக்கிறதா, அவசரக் கதவு திறக்கிறதா என்று சோதிக்கிற ஆள். எதுவும் நடக்காமல் இருந்தால் நான் ஒழுங்காக வேலை பார்த்தேன் என்று அர்த்தம். ஓய்வு பெற்ற பிறகும் எதுவும் நடக்கத்தான் இல்லை. ஆனால் அதற்கு நான் காரணம் இல்லை என்பது மனதை அரித்துக்கொண்டிருந்தது. இந்த நிலையில்தான் பேரன் எட்டாம் மாதத்திலேயே பிறந்தான், மழைக்காலமும் பிறந்தது, டிவியில் புதுக்காய்ச்சலும் வந்தது.

செய்தி வாசிக்கிற அம்மாள் சிவப்பு எழுத்துக்களுக்கு நடுவே நின்று, "அடுத்து உங்கள் வீடா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, இடைவேளைக்குப் பிறகு சொல்வதாகப் போய்விடுகிறார். நானும் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறேன். இடைவேளைக்குப் பிறகு கிரிக்கெட் வருகிறது. எங்கள் வீடா இல்லையா என்று இன்றுவரை சொல்லவில்லை. ஒரு சேனலில் நிபுணர் ஜன்னலை மூடச் சொல்கிறார், கொசு வருமாம். இன்னொரு சேனலில் திறக்கச் சொல்கிறார், காற்றோட்டம் வேண்டுமாம். இரண்டு பேரும் படித்தவர்கள், யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று பாதி திறந்து வைத்தேன். சாரல் அடித்து மெத்தையில் பாதி நனைந்துவிட்டது, காய்ந்த பாதியை மனைவிக்குக் கொடுத்துவிட்டு ஈரப் பாதியில் நான் படுத்துக்கொண்டேன். "அந்தக் காய்ச்சல் வரட்டுங்க, அதுகிட்டயாவது கொஞ்ச நேரம் நிம்மதியா பேசிக்கிட்டிருக்கலாம்" என்றாள். எதையும் அக்கறையாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு இல்லை.

தாங்கள் வந்த அன்று காலையில்தான், வெளியூர்க்காரர்களால் பரவுகிறது என்று சொன்னார்கள். வெளியூர் என்றதும் எனக்குத் தங்கள் ஞாபகம்தான் வந்தது. இதில் உள்நோக்கம் எதுவும் கிடையாது. உடனே வாசற்படியிலும் செருப்பு விடுகிற இடத்திலும் பிளீச்சிங் பவுடரை அள்ளித் தூவினேன். தாங்கள் அதன் நடுவே நின்று தும்மினீர்கள். ஒரு தும்மல் என்றால் பெரிதுபடுத்தியிருக்க மாட்டேன், தாங்கள் அடுக்கிக்கொண்டே போனீர்கள். நான் கதவுச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு இடுக்கு வழியாக, "தப்பா நினைக்காதீங்க சம்பந்தி, இது எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டேன். "இப்பத்தாங்க, உங்க வாசலுக்கு வந்ததுல இருந்து" என்றீர்கள். நோய் கண்டவர்கள் முதலில் இப்படித்தான் மறுப்பார்கள் என்று டிவியில் சொல்லியிருந்தார்கள். சாத்திவிட்டேன்.

சம்பந்தியம்மாள் தெருவில் நின்று, "புள்ள மொகத்தையாவது காட்டுங்கண்ணே" என்று கேட்டபோது எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் மருமகள் குழந்தையைத் தரவில்லை. "ஊர்ல உள்ள கதவெல்லாம் தொறக்குதான்னு பாத்தவரு, எங்கப்பா வந்தா மட்டும் சாத்துறீங்களே மாமா!" என்று அழுதுகொண்டே அறைக்குள் போய் அவள் பங்குக்கு ஒரு கதவைச் சாத்திக்கொண்டாள். ஆகையால், மாடி ஜன்னலிலிருந்து நான் துண்டில் சுற்றித் தூக்கிக் காட்டியது தலையணை. சம்பந்தியம்மாள் குடைக்குள்ளிருந்து பார்த்து, "மூக்கு அப்படியே எங்க வீட்டு மூக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. இப்போதாவது தெரியப்படுத்துவது என் கடமை.

மறுநாள் எனக்கே காய்ச்சல். முகத்தை மூடிக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் ஓடி, "டாக்டர், இது எந்த வகை?" என்று கேட்டேன். "மூக்கு ஒழுகுற வகை" என்றார். "டிவியில வேற மாதிரி சொல்றாங்களே?" "அவங்க உங்க மூக்கப் பாக்கலியே. சாதாரண ஜலதோஷம். கையக் கழுவுங்க, ஈரத்துல படுக்காதீங்க, சரியாகுற வரைக்கும் கொழந்தை பக்கம் போகாதீங்க." அவ்வளவுதான். இத்தனை பெரிய செய்திக்கு இத்தனை சின்ன வைத்தியமா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அன்றிலிருந்து பின்னறைக்குள் என்னை நானே அடைத்துக்கொண்டேன். சாப்பாடு கதவுக்கு வெளியே வருகிறது.

என் ஏற்பாடு வீண்போகவில்லை என்பதையும் எழுத வேண்டும். தாங்கள் போனதிலிருந்து வெளியாள் காற்றுகூட இந்த வீட்டில் படவில்லை. அதன் பலனாகக் குழந்தை அழாமல் தூங்குகிறான், மருமகள் அழுகையை நிறுத்திவிட்டாள், ஹாலில் ஒரே சிரிப்புச் சத்தம், என் மனைவிக்கு இந்த வயதில் திடீரென்று கைப்பக்குவம் கூடியிருக்கிறது.

இருந்தாலும் சம்பந்தி, தனியாக உட்கார்ந்திருக்கும்போது ஒன்று தோன்றுகிறது. அந்தப் பிள்ளையை முதன்முதலில் கையில் வாங்கியபோது அவன் மூக்கு என் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக இருந்தது. அதில் மூச்சு போய் வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதற்கு எங்கே வாளி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததால், கைக்கு எட்டிய ஒரே கதவைத் தங்கள்மேல் சாத்திவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாமல், மழை விட்டதும் இருவரும் வர வேண்டும்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். பேரனுக்குத் தங்கள் ஆசிகளை இப்போதைக்கு அங்கிருந்தே அனுப்பவும். தூரத்தால் ஆசிக்கு வலு குறையாது என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை இழக்க விரும்பாத சம்பந்தி

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்க மகனிடம் கொடுக்கலாம் என்று ஹாலுக்கு வந்தேன். தாங்கள் என் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள். குழந்தை தங்கள் மார்பில் கவிழ்ந்து தூங்குகிறான். சம்பந்தியம்மாள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்து, "நாங்க ஊருக்கே போகலண்ணே. லாட்ஜ்லதான் இருந்தோம். நீங்க ரூமுக்குள்ள போன அன்னிக்கே அண்ணி கூப்பிட்டுட்டாங்க" என்றார்கள். அண்ணியாகிய என் மனைவி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனவே மேலே வெளியாள் காற்று என்றும் கைப்பக்குவம் என்றும் எழுதிய இடங்களைத் தாங்களே அடித்துவிட்டுப் படிக்கவும். தலையணை விஷயம் தங்களோடு இருக்கட்டும். எழுப்ப மனமில்லாததால் கடிதத்தை நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு மறுபடி உள்ளே போகிறேன். எனக்கு மூக்கு ஒழுகுவது இன்னும் நிற்கவில்லை, அவன் பக்கத்தில் நான் நிற்கக் கூடாது. விழித்ததும் தயவுசெய்து என் கதவுக்கு வெளியே வந்து நின்று, அவன் எப்படித் தூங்கினான் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிட்டுப் போகவும்.