இருபத்தி நாலு டிகிரியில் புளிச்சக்கீரை

நான் படித்தது நாலாங்கிளாஸ். அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. எழுத்து கோணலாக இருக்கும். முன்னால் நடந்தது பின்னால் வரும், பேர்கள் மறந்துபோகும். பொறுத்துக்கொள்ளுங்கள். "வாயால சொல்றதை அப்படியே எழுதுங்க அத்தை, பத்திரிகைக்காரங்க சரி பண்ணிக்குவாங்க" என்று மருமகள்தான் பேப்பரும் பேனாவும் கொடுத்து உட்கார வைத்தாள்.

ஆனால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். இந்த வளைகுடா நாடுகள் பூராவும் சல்லடை போட்டுத் தேடினாலும், மனுஷர், குழம்பு, செடிகொடி எல்லாவற்றையும் ஏசி மெஷினாகவே பார்க்கிற இன்னொரு ஆள் கிடைக்க மாட்டார். எங்கள் ஏசிக்காரர் ஒருத்தர்தான்.

ஷார்ஜாவில் ரோலாவில் மூணாவது மாடியில் என் மகன் வீடு. நான் விசாவில் வந்து மகனோடு இருந்தேன். எதிர்வீட்டில் ஆறு ஆண்கள் சேர்ந்து தங்கியிருந்தார்கள். அதில் ஏசிக்காரருக்கு வாய்த்தது பால்கனி. அதைப் பிளைவுட் வைத்து அடைத்து, உள்ளே ஒரு கட்டில், ஒரு குட்டி ஏசி, தலைக்கு மேல் ஸ்பானர் பை. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். நாற்பது வயசு இருக்கும். முதல் நாள் பேர் சொன்னார். அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எங்கள் ஏசி ஒழுகுகிறது என்று அவரைக் கூப்பிட்டோம். வந்தவர் ஏசியைப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து ஒரு துப்பாக்கியை உருவி என் நெற்றிக்கு நேராகப் பிடித்தார். நான் கத்திவிட்டேன். அது சூடு பார்க்கிற கருவியாம்.

"பெரியம்மாவுக்குக் கூலிங் சரியில்லீங்க சார். ஃபில்ட்டர் அடைச்சிருக்கு" என்றார் மகனிடம்.

"ஏசிக்கா?"

"அம்மாவுக்குங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கு ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து நாக்கில் ருசியே இல்லை. சோறு மண் மாதிரி, இட்லி பஞ்சு மாதிரி. மருமகள் செய்யாத பதார்த்தம் இல்லை. புடவை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டேன். இன்னும் சில மாதம் இப்படியே போனால் ஊருக்கு அனுப்பி ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்று மகன் போனில் பேசிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். அன்றைக்கு, என்ன கொடுத்தால் சாப்பிடுவீர்கள் என்று ஏசிக்காரர் கேட்டதற்கு, வாய் தவறி, "புளிச்சக்கீரை கடைஞ்சு போட்டா ரெண்டு வாய் இறங்கும் தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

"கடையில கெடைக்குதே அத்தை" என்றாள் மருமகள்.

"அது செவப்புத் தண்டுங்க, ஆந்திராக் கீரை" என்று ஏசிக்காரர் எனக்கு முன்னால் பதில் சொன்னார். "நம்மூருக் கீரைக்கு எலை வெரல் விரிச்ச மாதிரி இருக்கோணும். அதாங்க பெரியம்மா கேக்கறாங்க."

விதை என்னிடமே இருந்தது. ஊரில் விதைக்க முடிந்து வைத்த துணி முடிச்சு, வெல்லப் பையோடு பையாக விமானம் ஏறி வந்துவிட்டிருந்தது. முடிச்சை வாங்கிக்கொண்டு போனார். நல்ல வெயில் காலம். ஜன்னல் ஓரம் தொட்டியில் போட்டார். முளைத்தது. நாலாம் நாள் அப்பளமாகப் பொரிந்து கிடந்தது.

"அவுட்டோர் யூனிட்டு தாங்காதுங்க. இண்டோர்தான்" என்று முடிவு பண்ணிவிட்டார்.

மறுமுறை முளைத்து இரண்டு கை உயரம் வந்ததும் போனை இலைக்கு நேராகப் பிடித்தாராம். இந்தக் காலத்துப் போன் செடியைப் பார்த்தே என்ன ஏது என்று சொல்லிவிடுமாமே! ஓடி வந்தார்.

"பெரியம்மா, இங்க பாருங்க! வெள்ளைக்காரன் நம்ம புளிச்சக்கீரையை என்னமா போத்தி வளக்கறான்!"

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். போனில் ஒரு வீடியோ ஓடியது. தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர், ஒரு காட்டுக்குள் நிற்கிற மாதிரி செடிகளுக்கு நடுவே நிற்கிறார். இலை அதே இலைதான். விரல் விரிந்து, ஓரத்தில் ரம்பப் பல். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம்ம கீரைக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்! வெள்ளிக் கூடாரம், ஊதா விளக்கு, காத்தாடி!

"இங்கிலீஷ் புரியுதா தம்பி?"

"மேனுவல் எல்லாம் படம் பாத்துத்தானுங்க பெரியம்மா படிக்கறது. பதினஞ்சு வருசமா ஒரு எழுத்துப் படிச்சதில்லை. ஒரு கம்ப்ரஸர் கெட்டதில்லை."

"அந்த ஆளுக்குக் கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

"ரூம்ல ஈரப்பதம் கம்மிங்க."

"ஏன் தானா சிரிக்கறாரு?"

"வெளைச்சல் நல்லா வந்தா சிரிப்பு வராதுங்களா?"

நியாயமாகத்தான் பட்டது.

பால்கனிக்குள் வேலை ஆரம்பித்தது. ஏசி பைப்புக்குச் சுற்றுகிற வெள்ளித் தகட்டில் கூடாரம். ஊதா விளக்கு. காற்றை உறிஞ்சி ஜன்னல் வழியாகத் துப்ப ஒரு காத்தாடி. தயிர் வாளிகளில் பன்னிரண்டு செடி. ஏசி இருபத்தி நாலில். கட்டிலில் பாதியைச் செடிக்குக் கொடுத்துவிட்டு, இவர் காலைக் கதவுக்கு வெளியே நீட்டிப் படுத்தார். கூட இருந்தவர்கள் அந்தக் காலைத் தாண்டித்தான் பாத்ரூமுக்குப் போக வேண்டும்.

"யோவ், கீரைக்கு ஏசி, நமக்கு ஃபேனா?" என்று அந்த வீட்டு டிரைவர் கத்துவது எங்கள் சமையல்கட்டு வரைக்கும் கேட்கும்.

"உன்னையக் கடைஞ்சு திங்க முடியுமாய்யா?" என்பார் இவர்.

செடி இடுப்பு உயரம் வந்தது. நான் தினமும் கதவோரம் நின்று, "நாலு கொழுந்து கிள்ளிக் குடு தம்பி" என்று கேட்பேன்.

"பூ வர்ற வரைக்கும் கை வெக்கப்படாதுங்க. வெள்ளைக்காரன் பூவுக்குத்தான் காத்துட்டே இருக்கறான்."

"கீரையை யாராச்சும் பூ விட்டு முத்த விடுவாங்களா?"

"மேனுவல்படிதானுங்க போகோணும்."

கீரை கண்ணுக்கு முன்னால் வளர்ந்தது. நான் கண்ணுக்கு முன்னால் இளைத்தேன். துப்பாக்கியை மட்டும் தினமும் செடிக்கொரு தரம், எனக்கொரு தரம் பிடித்துவிட்டுப் போவார்.

ஒரு நாள் மகன் லீவு போட்டு வீட்டில் இருந்தான். ஏசிக்காரர் போனும் கையுமாக ஓடி வந்தார். "பூ வந்திருச்சுங்க பெரியம்மா! ஆனா வெள்ளைக்காரன் பூ வேற மாதிரி இருக்குதுங்க. நம்முளுதுதான் லட்சணம்!"

மகன் போனை எட்டிப் பார்த்தான். மருமகளும் பார்த்தாள். பிறகு அவள் மேலே இருந்த எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னாள். "வீட்டிலேயே கஞ்சா வளர்ப்பது எப்படி. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு."

மகன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அம்மா, இந்த ஊர்ல இதுல ஒத்தைச் செடி வெச்சிருந்தாலும் ஜெயில்மா. அதுக்கப்புறம் ஊருக்கு ஏத்திருவாங்க. பன்னெண்டு செடியா?"

"புளிச்சக்கீரைடா சாமி. என் முடிச்சு விதைடா."

"அது உனக்குத் தெரியும். பாக்கறவனுக்கு? கூடாரம், லைட்டு, போன்ல இந்த வீடியோ. யாரும்மா நம்புவா?"

ஏசிக்காரர் போனில் சிரிக்கிற வெள்ளைக்காரரை உற்றுப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப இந்தாளு கடைசி வரைக்கும் கீரையே கடைய மாட்டானுங்களா சார்?"

"முதல்ல எல்லாத்தையும் பிடுங்கய்யா!" என்று மகன் எழுந்தபோது எதிர்வீட்டில் பெல் அடித்தது. வாட்ச்மேனோடு இரண்டு முனிசிபாலிட்டி ஆபீசர்கள். பால்கனியை அடைத்துத் தடுப்புப் போட்டிருக்கிறார்களா என்று கட்டடம் கட்டடமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள். ஒருவர் இளவயசு. இன்னொருவர் சூடான் நாட்டுக்காரர், நரைத்த தாடி.

ஏசிக்காரர் ஓடினார். பின்னாலேயே மகன். நான் எங்கள் வாசலிலேயே நின்றேன், அங்கிருந்தே அந்தப் பால்கனிக் கதவு நேராகத் தெரியும். வாட்ச்மேன் வந்தாலே சமையல்கட்டுக்குள் போய்விடுகிற ஆள் நான்.

இளவயசு ஆபீசர் பிளைவுட் கதவைத் தட்டிப் பார்த்தார், திறந்தார், வெள்ளித் தகட்டை விலக்கினார். எல்லார் மூஞ்சியிலும் ஊதா வெளிச்சம் அடித்தது. உள்ளே பன்னிரண்டு செடி, விரலை விரித்துக்கொண்டு.

"யே க்யா ஹை?" என்றார், இது என்ன என்று இந்தியில்.

அந்த நேரம் பார்த்து ஏசிக்காரர் சட்டைப் பையில் இருந்த போனிலிருந்து வெள்ளைக்காரர் ஹி ஹி ஹி என்று சிரித்தார். பதறிப்போய் அமுக்கினார். சத்தம் இன்னும் கூடியது. இளவயசு ஆபீசர் பையையே முறைத்தார்.

"டுவென்டி ஃபோர் டிகிரி, சார்" என்றார் ஏசிக்காரர்.

அவர் சட்டைப் பையைப் பொத்திய கையைப் பார்த்தேன். பதினைந்து வருஷத்தில் ஒரு கம்ப்ரஸர் கெடுக்காத கை. நான் ரெண்டு வாய் சோற்றுக்கு ஆசைப்பட்டதற்கு அந்தக் கையில் விலங்கு மாட்டப்போகிறார்கள். அதற்கப்புறம் எனக்கு வெட்கம் எங்கே போனதோ தெரியவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எதிர்வீட்டுக்குள் போனேன். அத்தனை ஆண்பிள்ளைகளையும் விலக்கிக்கொண்டு ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்றேன்.

"நஹி, மதர், நஹி!" என்று இளவயசுக்காரர் அலறினார். கிழவி தானாகச் சிரிக்க ஆரம்பித்துவிடுவாள் என்று பயந்தார் போலிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் நாக்கில் ஒரு ருசி! அந்தக் குஷியில், ஏசிக்காரர் பொத்திப் பொத்திப் பார்த்த அந்த முதல் பூவைப் பறித்து, நரைத்த தாடிக்காரரிடம் நீட்டினேன். வெளிர் மஞ்சள் இதழ், நடுவே கருஞ்சிவப்பு.

அவர் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூஞ்சி மாறியது. "கர்கதே?" என்றார். அவர்கள் ஊரில் இந்தச் சாதிப் பூவைக் காய்ச்சிச் சிவப்புச் சர்பத் குடிப்பார்களாம், மகன் அப்புறம் சொன்னான். ஒரு இலை நுனியைக் கிள்ளிப் பல்லில் வைத்தார். அவருக்கும் ஒரு கண் மூடிக்கொண்டது. சிரித்துவிட்டார்.

இளையவர் சிரிக்கவில்லை. ஒரு இலை, அந்தப் பூ, இரண்டையும் கவரில் போட்டுக்கொண்டார். ஏசிக்காரரின் ஐடி கார்டையும் வாங்கிக்கொண்டார். பரிசோதனை முடிகிற வரைக்கும் ஒரு செடியையும் யாரும் தொடக்கூடாது என்றார். ஆக, அன்றைக்கும் கீரை கிள்ள விடவில்லை.

மூன்று நாள். ஏசிக்காரர் டியூட்டிக்குப் போகவில்லை. செடிகளுக்குக் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"கேட்டா விதை என்னோடதுன்னு சொல்லிப்போடு தம்பி. நான் வயசானவ, என்ன பண்ணிருவாங்க?"

"ஜெயில்ல ஏசி எப்படி இருக்குமோ, உங்களுக்குச் சூடு தாங்காதுங்க" என்றார். அப்புறம் குனிந்துகொண்டே, "என்னையக் கூட்டிட்டுப் போனாலும் ஏசியை இருபத்தி நாலுலயே வுட்டுருங்க பெரியம்மா. செடி வாடிருச்சுன்னா நீங்க மறுபடியும் சாப்பிட மாட்டீங்க."

நான் எங்கள் சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நாலாம் நாள் காலையில் நரைத்த தாடிக்காரரே கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "கலாஸ்" என்றார், முடிந்தது என்று அர்த்தமாம். கஞ்சா இல்லை, கீரைதான் என்று எழுதி வந்துவிட்டதாம். தடுப்பை மட்டும் ஒரு வாரத்தில் பிரிக்கச் சொன்னார். போகும்போது ஒரு கட்டுக் கொழுந்து கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

அன்றைக்குப் பன்னிரண்டு செடியையும் மொட்டையடித்தோம். முற்றின இலையைத் தள்ளிவிட்டுக் கொழுந்தை மட்டும் வேகவைத்துப் பச்சை மிளகாய், பூண்டு போட்டுக் கடைந்து, கடுகு மிளகாய் தாளித்தேன். மகன் வீடும் எதிர்வீடும் ஒரே பந்தியாக உட்கார்ந்தது. கத்தின டிரைவர்தான் மூன்று தரம் வாங்கினார். நான் ரெண்டு வாய் என்று சொல்லி ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டேன். ஏசிக்காரர் தன் தட்டைத் தொடாமல் துப்பாக்கியை என் நெற்றிக்கு நேராகப் பிடித்தார்.

"ஃபில்ட்டர் கிளீன் ஆயிருச்சுங்க சார்" என்றார் மகனிடம்.

தடுப்புப் பிரித்த பிறகு அவருக்கு அந்த வீட்டில் இடமில்லை. சவுதியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஜுபைலா, யான்புவா, எனக்கு மறந்துவிட்டது. மகன் ஒன்று சொல்கிறான், மருமகள் ஒன்று சொல்கிறாள். அவர் நம்பரும் மாறிவிட்டது. அந்த ஊர்களில் இருக்கிறவர்கள் யாராவது சரிபார்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும். அடையாளம் சுலபம். உங்கள் கேம்ப்பில் யாராவது துப்பாக்கியைக் குழம்புக்குப் பிடித்தால் அவர்தான். நான் எழுதினதில் தேதி, கணக்கு ஏதும் பிசகியிருந்தாலும் அவரையே கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். கூடவே, பெரியம்மா மூணு வேளையும் சாப்பிடுகிறாள் என்று சொல்லிவிட்டு, அவர் சாப்பிட்டாரா என்றும் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள்.