மூன்று படி, பதினெட்டு அடி

பலகையில் பாதி தூரம் ஏறிய சக்கர நாற்காலி, அங்கேயே மனம் மாறி, ஏறியதைவிட இரு மடங்கு வேகத்தில் பின்னால் இறங்கி நூலகத்து இரும்புக் கேட்டில் மோதி நின்றது.

"அண்ணே! அடி பட்டுச்சா?" என்று ஓடினாள் அளவுகோல்.

கட்டடப் பொறியியல் கடைசி வருஷம். எதைக் கண்டாலும் டேப்பை நீட்டுவதால் வகுப்பில் வைத்த பேர் அது. படித்ததை ஊருக்குச் செய்துகாட்ட வேண்டும் என்று கல்லூரியில் ஒரு பாடம். பயன்பெற்றவர் கையெழுத்துப் போட்டால்தான் மார்க். மார்க் வந்தால்தான் பட்டம். அவள் பங்குக்கு வாய்த்தவை நூலக வாசலின் மூன்று படிகளும், கடிகாரக் கடை வைத்திருக்கும் இந்த அண்ணனும்.

"எனக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி. கேட்டுக்குத்தான் வலிச்சிருக்கும்."

படிகளின் மொத்த உயரம் ஒன்றரை அடி. ஓரடி ஏறப் பன்னிரண்டடி சரிவு வேண்டும் என்றது பாடப்புத்தகம். ஆக, பதினெட்டு அடி! இத்தனூண்டு படிகளுக்குள் இவ்வளவு பெரிய மலையா என்று வாயைப் பிளந்தாள்.

மறுவாரம் தச்சரைக் கெஞ்சி, பலகையை நீட்டினாள். அது கேட்டைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டது. ஸ்கூட்டர்க்காரர் ஒருவர் நேரே ஏறி வந்து பேப்பர் மேஜையருகே பிரேக் போட்டார்.

"பார்க்கிங் இப்ப உள்ளயா? பரவாயில்லையே!"

அடுத்த வாரம் முற்றத்துக்குள்ளேயே மூன்று மடிப்பாக மடக்கினாள். இரண்டாவது திருப்பத்தில் நாற்காலி இறுகச் சிக்கிக்கொண்டது. வாசகர்கள் நாலு பேர் வந்து அண்ணனைத் தனியாகவும் நாற்காலியைத் தனியாகவும் தூக்கி இறக்கினார்கள்.

"இந்த வயசுல என்னைத் தூக்கி வச்சுக்க ஆள் கெடச்சுதே!" என்றார் அண்ணன். "அடுத்த வாரமும் வரேன், கவலைப்படாத."

அவள் டேப்பைச் சுருட்டியபடி நினைத்துக்கொண்டாள். கடையைப் பூட்டிவிட்டு வாராவாரம் விழ வருகிறாரே, என்ன மனிதர்!

நான்காம் வாரம் திருப்பங்களை அகலப்படுத்தினாள். மறுநாளோடு கெடு முடிகிறது. நாற்காலி புறப்பட்டது. முதல் திருப்பம். இரண்டாவது. யாரும் மூச்சு விடவில்லை. பலகை மட்டும் மெல்ல முனகியது. யார் கையும் படாமல், வாசலைத் தாண்டி, அலமாரிகளின் நடுவே போய் நின்றார் அண்ணன். அங்கிருந்த அத்தனை புத்தகங்களும் அவருக்காக எழுந்து நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு. கண் நிறைந்தது.

அண்ணன் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை சரிவைக் காட்ட அம்மாவை அழைத்து வந்தாள். நூலகம் பெருக்கும் அக்கா, ஸ்பேனரும் கையுமாகப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ அக்கா! அண்ணன் இனிமே எப்படி உள்ள வருவாரு?"

"எப்பவும் போல பின்வாசல் வழியாத்தான், அங்க படியே கிடையாதே," என்றாள் அக்கா, அடுத்த போல்ட்டைத் திருகியபடி. "இதைப் பிரிச்சு வச்சாத்தானம்மா, அடுத்த வருஷம் வர்ற பிள்ளைக்கும் அவரு கையெழுத்துப் போட முடியும்!"