ஆறாயிரம் கெல்வின் தாய்மாமன்

கொடைக்கானல் மலையில் காட்டெருமை உண்டு, மலை அணில் உண்டு, மே மாதமானால் சுற்றுலாப் பயணி உண்டு. இவை எல்லாவற்றையும் விட வேகமாகப் பெருகிவரும் இன்னோர் உயிரினம் இருக்கிறது. அதை நீங்கள் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்தால் கண் கூசும். காரோடு வந்த ஹெட்லைட் பல்பு போதாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும் பல்புப் பண்டிதர்தான் அது.

அடையாளம் கண்டுகொள்வது எளிது. கல்யாண வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவர் வாசலில் குனிந்து நின்று கார்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். “கம்பெனி பல்பா? அதெல்லாம் வெளிச்சமாங்க? அகல் விளக்கு!” என்று உதட்டைப் பிதுக்குவார். பிறகு லூமன் என்பார், கெல்வின் என்பார். கெல்வின் ஏற ஏற வெளிச்சம் வெளுக்கும், வெளிச்சம் வெளுக்க வெளுக்க மனிதன் உயர்வான் என்பது இவருடைய சித்தாந்தம்.

எங்கள் நாயுடுபுரத்துப் பொன்னுவேலையே எடுத்துக்கொள்ளுங்கள். தனக்குப் பெண் பார்க்க இரண்டே வீடு ஏறி இறங்கியவர், பல்பு பார்க்க மதுரையிலும் திண்டுக்கல்லிலும் ஏறாத கடையில்லை. ஹாலஜன் வாங்கினார், கண்ணாடியில் விரல் பட்டால் ஆயுள் குறையும் என்று பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போலத் துணியில் ஏந்தி மாட்டினார். ஒரு மாதத்தில் அது மஞ்சளாகத் தெரிந்தது. கழற்றி எறிந்துவிட்டு ஆறாயிரம் கெல்வினில் எல்இடி போட்டார். சாயங்காலமானால் எதிர்வீட்டு மதில்மேல் வெளிச்சத்தை அடித்து அழகு பார்ப்பார். அந்த வீட்டுச் சூசையம்மாள் ஜன்னலைத் திறந்து, “தம்பி, செபம் சொல்ல விடுங்கப்பா, மோட்சமே எறங்கி வந்துட்டாப்ல இருக்கு” என்பார். பொன்னுவேல் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

இப்படி இருக்கையில் அவருடைய தங்கை அன்னக்கொடியின் பிள்ளைக்குப் பழனியில் காதுகுத்து வைத்தார்கள். காதுகுத்துக்கு ஆசாரி வேண்டும், ஊசி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாய்மாமன் மடி வேண்டும். கூடப்பிறந்த மாமன் இவர் ஒருவர்தான்.

“முந்தின நாளே போயிரலாம்ங்க, காலையில மேகம் எறங்கிருச்சுன்னா கஷ்டம்” என்றார் மனைவி வடிவு.

“மேகம் எறங்கட்டும். அப்பத்தான நம்ம லைட்டோட தெறம் தெரியும்?”

ஆகவே காதுகுத்தன்று வெள்ளனே புறப்பட்டார்கள். பெருமாள்மலை தாண்டி, பழனி ரோட்டில் திரும்பியதும் மூடுபனி வந்தது. பொன்னுவேல் புன்னகையோடு விளக்கைப் போட்டார். அவ்வளவுதான், சாலையைக் காணோம்! பனி அத்தனை வெளிச்சத்தையும் திருப்பி அவர் முகத்திலேயே அடித்தது. கார் கண்ணாடிக்கு முன்னால் யாரோ வெள்ளை வேட்டியைக் காயப்போட்டது போல இருந்தது. ஹைபீம் போட்டுப் பார்த்தார். வேட்டி இன்னும் வெளுத்தது.

கார் ஊர்ந்தது. கொண்டை ஊசி வளைவு எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியாமல் நின்றது, மறுபடி ஊர்ந்தது. வடிவின் போன் அடித்தது.

“மதினி, எங்க இருக்கீங்க? நல்ல நேரம் முடியப்போகுது. ஆசாரி அவசரப்படுறாரு. வெரசா வாங்க!”

“வந்துக்கிட்டேதான் இருக்கோம் அன்னம். இங்க ஒரே வெளிச்சமா கெடக்கு, ரோடுதான் தெரியல.”

அப்போது பின்னாலிருந்து அரோகரா சத்தம் கேட்டது. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிற கூட்டம் ஒன்று, காவடியோடு நடந்தே வந்து காரை முந்தியது. அதில் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்.

“அண்ணே, அந்த லைட்டக் கொஞ்சம் அமத்துங்கண்ணே. எங்களுக்கும் ரோடு தெரிய மாட்டேங்குது.”

அமர்த்தினாரா? நன்றாக விடிந்துவிட்ட நேரம், விளக்கை அமர்த்தியிருந்தால் ஓரத்து வெள்ளைக் கோடாவது தெரிந்திருக்கும். “இதுக்கா மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் அலைஞ்சேன்?” என்று வடிவைப் பார்த்து முறைத்துவிட்டு, பாதயாத்திரைக்குப் பின்னால் ஆமையாகப் போனார்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது மூன்றாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. பிள்ளையின் காது சிவந்திருந்தது. பொன்னுவேலின் பெரியப்பா மகன் வேலப்பன் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். அன்னக்கொடி சத்தம் போடவில்லை. அழுது ஓய்ந்த பிள்ளையைக் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

“நா ஒம் மடியத்தானண்ணே கேட்டேன். வெளிச்சத்தயா கேட்டேன்?”

பொன்னுவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. வடிவு வந்து சொன்னபோது எனக்கே பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த நிமிடம் அந்த வேலப்பன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, “ஏலே பொன்னு, வண்டியில புதுசா ஏதோ பல்பு போட்டிருக்கியாமே? எத்தன கெல்வின்?” என்றாராம். பிள்ளையை வடிவிடம் கொடுத்துவிட்டு இருவரும் கார் நிற்கும் இடத்துக்குப் போனார்கள். கடைசிப் பந்தியும் முடிந்த பிறகுதான் திரும்பினார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பனிக்குள் பொன்னுவேல் தவித்தபோது, ‘வெள்ளை போட்டது தப்பு, மஞ்சளில் மூவாயிரம் கெல்வின் வாங்கியிருக்க வேண்டும்’ என்று உங்கள் மனம் முணுமுணுத்ததா, இல்லையா? அங்கே ஒரு பிள்ளை மாமன் மடிக்குக் காத்திருந்தது; நீங்கள் பல்பைத்தானே நினைத்தீர்கள்? அப்படியானால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். உங்கள் தங்கை வீட்டுக் காதுகுத்துக்கு முந்தின நாளே பஸ் ஏறிவிடுங்கள்.