ஆயுத பூஜையன்று மாட்டிய ஹோஸ்

அடுத்தவன் வேலையில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன், தன் வேலையை ஒருநாளும் திரும்பிப் பார்க்க மாட்டான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் நானே ஒருவன்.

எண்பதுகளின் கடைசியில் ஓசூர்த் தொழிற்பேட்டையில், உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் நான் தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளன். வயது இருபத்தேழு. கையில் அளவு பார்க்கும் வெர்னியர், சட்டைப்பையில் 'நிராகரிக்கப்பட்டது' என்று அடிக்கிற சிவப்பு முத்திரை. நான் நடந்து வந்தால் லேத்தில் நிற்பவர்கள் அவசரமாக இன்னொரு தடவை அளந்து பார்ப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். (அவர்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரைப் பல வருடம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். இங்கே எழுத முடியாது.)

இந்த மேதாவி ஓய்வு நேரத்தில் ஆகாய விமானம் கட்டினான். கேலி இல்லை, நிஜ விமானம். ஒரே ஆள் உட்காரக்கூடியது. பெங்களூர் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் வரைபடம் இருந்தது. இரும்புக் குழாயை வளைத்துச் சட்டம் செய்து, மேலே துணி ஒட்டி, வார்னிஷ் அடித்து, இறக்கையும் வாலும் வைத்து இரண்டு வருடத்தில் முடித்துவிட்டேன். விபத்தில் நசுங்கிய ஒரு சின்னக் காரின் இன்ஜினை மூக்கில் பொருத்தினேன். பறப்பதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்பது தெரியும். அதெல்லாம் சாதாரண மனிதர்களுக்கு என்று நினைத்தேன்.

கட்டிய இடம் ராயக்கோட்டை சாலையில் காதர் பாயின் பட்டறைக் கொட்டகை. பாய் காவேரிப்பட்டினத்துக்காரர். ரேடியேட்டர் மெக்கானிக். லாரி, பஸ், டிராக்டர் என்று கொதிக்கிற வண்டி எதுவானாலும் அவரிடம்தான் வரும். எட்டாவதுக்கு மேல் படிக்காதவர் என்பதால், அவர் சொல்வதில் பாதியை நான் காதில் வாங்குவதில்லை.

விமானத்துக்கு ஒரே ஒரு வியாதி இருந்தது. இன்ஜினைக் கிளப்பிய நாலாவது நிமிடத்தில் சூடு காட்டும் மீட்டரின் முள் சிவப்புக்குப் போய்விடும். ஐந்தாவது நிமிடத்தில் ரேடியேட்டர் மூடி சீறும். நான் பத்திரிகையைப் புரட்டி, மூக்கில் இன்னும் கொஞ்சம் பெரிய ஓட்டை போட்டேன். சரியாகவில்லை. அதைவிடப் பெரிய ஓட்டை போட்டேன். அப்போதும் சரியாகவில்லை.

"சார், காத்து உள்ள வர்றதுக்கு வழி வெச்சிட்டீங்க. அது வெளிய போவறதுக்கு வழி எங்க?" என்றார் பாய். "முன்னாடி போன காத்து பின்னாடி போவலைன்னா அங்கயே நின்னுக்கும். ரேடியேட்டருக்கு எப்படி சூடு இறங்கும்?"

"பாய், இது டிராக்டர் இல்ல. இது ஏரோடைனமிக்ஸ்" என்றேன்.

"செரிங்க சார்" என்று பீடியைப் பற்றவைத்தார். இரண்டு வாரம் கழித்து, நானே கண்டுபிடித்ததுபோல் அடிவயிற்றில் ஒரு திறப்பு வெட்டினேன். முள் கொஞ்சம் பணிந்தது. பாய் இன்னொரு பீடியைப் பற்றவைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் மத்தூரில் இருந்த என் தாய்மாமன் ஒரு வரன் கொண்டுவந்தார். பெங்களூர்ப் பெண், பெயர் வசந்தா. பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லோரும் என் சம்பளத்தை விசாரித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் காபியை நீட்டியபடி, "உங்க ஏரோப்ளேன் நெஜமாவே பறக்குமா?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் துளிக் கிண்டல் இல்லை. அந்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போதே மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

சிக்கல் அவள் அப்பா. தணிகாசலம் என்று பெயர். பெங்களூரில் ஒரு விமானத் தொழிற்சாலையில் முப்பது வருடம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பார்த்த வேலையையே நிஜ விமானத்தில் பார்த்தவர். "பையன் கட்டினதை ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டார். ஆயுத பூஜை விடுமுறையன்று மத்தியானம் வருவதாகத் தகவல் வந்தது.

வரட்டும் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். முதல் நாள் பாய் தண்ணீர் போகும் ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும் பிடித்து அசைத்து, ஒவ்வொரு கிளிப்பையும் ஸ்க்ரூடிரைவர் போட்டு இறுக்கி வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலையில் எனக்கு அழகுணர்ச்சி பொத்துக்கொண்டு வந்தது. ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் கறுப்பாக, லாரி ஹோஸ் மாதிரியே இருந்தது. (லாரி ஹோஸ்தான்.) பாய் டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்துக் கிளிப்பைத் தளர்த்தி, தண்ணீரை வாளியில் பிடித்து, ஹோஸைக் கழற்றி வெள்ளிப் பெயின்ட் அடித்து வெயிலில் காய வைத்தேன்.

அது காய்வதற்குள் மத்தூர் மாமா வந்து இறங்கினார். பட்டறை ஆட்களோடு சேர்ந்து பூஜைக்கு ஏற்பாடு செய்தார். கொட்டகையில் கிடந்த ஸ்பானர், சுத்தியல், அரம், ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றையும் பொறுக்கித் துடைத்து, சாமி படத்தின் முன் வாழையிலையில் வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி தூவி, கற்பூரமும் காட்டிவிட்டார். நான் ஹோஸை எடுத்துக்கொண்டு வந்தபோது ஸ்க்ரூடிரைவர் இலையில் இருந்தது.

"மாமா, அதை ஒரு நிமிஷம் குடுங்க."

"தொடாதடா! பூஜைல வெச்ச ஆயுதத்த நாளைக்குக் காலைலதான் எடுக்கணும். பொண்ணு வீட்டுக்காரங்க வர்ற நேரத்துல அபசகுனம் பண்ணாத."

ஹோஸை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டு வந்த பாயிடம் முறையிடலாம் என்று பார்த்தால், அவர் மாமாவைவிடக் கறாராக இருந்தார். "தப்பு சார். நம்ம பசங்க பக்தியா வெச்சது. நடுவுல எடுத்தா அவங்க மனசு என்னாவும்? எதுக்கு ஸ்க்ரூடிரைவர்? நேத்தே எல்லாம் இறுக்கிட்டனே?"

உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொன்னால் பாய் இன்ஜினைக் கிளப்ப விடமாட்டார். "சும்மாதான் கேட்டேன்" என்றேன். பக்கத்துப் பட்டறையில் எட்டிப் பார்த்தேன், அங்கேயும் இலையில்தான் இருந்தது. எதிர்ச் சைக்கிள் கடையிலும் அப்படியே. ஆயிரக்கணக்கான ஸ்க்ரூடிரைவர்கள் உழைக்கிற அந்த ஊரில் அன்றைக்கு ஒன்றுகூட வேலைக்கு வரவில்லை.

தரக்கட்டுப்பாட்டு நிபுணர் என்ன செய்தார் தெரியுமா? ஹோஸ் சுலபமாக ஏறட்டும் என்று உள்ளே தேங்காய் எண்ணெய் தடவினார். வழுக்கிக்கொண்டு ஏறியது. (எப்படி ஏறியதோ அப்படியே இறங்கும் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தோன்றியிருக்கும்.) கிளிப்பின் திருகை விரலாலும் நகத்தாலும் முடிந்தவரை முறுக்கினார். தண்ணீரைத் திரும்ப ஊற்றினார். சொட்டவில்லை. ஆலையில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் மூன்று தலைமுறைக்கு முத்திரை குத்தியிருப்பேன். எனக்கு நானே 'சரி' போட்டுக்கொண்டு, மேலே ஒரு சாமந்தி மாலையைத் தொங்கவிட்டு மறைத்தேன்.

தணிகாசலம் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் குடை. விமானத்தைத் தொழிற்பேட்டையில் இன்னும் யாருக்கும் ஒதுக்காத மனைகளுக்கு நடுவே போட்டிருந்த நேர்ச்சாலைக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தோம். அவர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மாலையைப் பார்த்து, "ஹௌதா" என்றார். கன்னடத்தில் 'அப்படியா' என்று அர்த்தம். சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

"பறக்க மாட்டேன் சார். சாலைக் கோடி வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்பி வருவேன், அவ்வளவுதான்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தேன். போகும்போது எல்லாம் அற்புதமாக இருந்தது. கோடியில் திருப்பினேன். மூன்றரை நிமிடம் ஆகியிருந்தது, முள் வழக்கம்போல் சிவப்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. திரும்பி வரும் வழியில் என் காலில் ஏதோ வெதுவெதுப்பாக ஓடியது. பதற்றத்தில் எனக்கு வேறு மாதிரி ஒரு சந்தேகம் வந்துவிட்டது. வருங்கால மாமனார் எதிரில் நின்றுகொண்டிருக்க, அதைக் குனிந்து உறுதிப்படுத்திக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. முள் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. சிவப்பிலிருந்து பாதிக்கு, பாதியிலிருந்து கால்வாசிக்கு. இத்தனை நாள் என்னை வாட்டிய வியாதி தானாகக் குணமாகிவிட்டது! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூரத்தில் பாய் தோள் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு ஓடிவந்தார். சந்தோஷம் தாங்காமல் ஓடிவருகிறார் என்று நினைத்து, அவருக்கும் தணிகாசலத்துக்கும் சேர்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

காட்டியதோடு நிற்கவில்லை. முள்தான் இறங்கிவிட்டதே, ஒரு அடி உயரமாவது தூக்கிக் காட்டினால் வசந்தா காதுக்குப் போகும் என்று தோன்றியது. முழு வேகம் கொடுத்தேன். பாயைத் தாண்டினேன், மாமாவைத் தாண்டினேன், குடையைத் தாண்டினேன். வால் எழும்பியது. அடுத்த கணம் கருங்கல்லை மிக்ஸியில் போட்டதுபோல் ஒரு சத்தம். இன்ஜின் இறுகி, மூக்கிலிருந்த காற்றாடி அப்படியே நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. சாலையை விட்டு இறங்கி, ஒரு தக்காளித் தோட்டத்தின் பதினைந்து பாத்திகளைத் தாண்டி, மூக்கைச் சேற்றில் குத்தி, வாலை வானத்துக்குக் காட்டிக்கொண்டுதான் நின்றேன்.

தோட்டத்தில் பறித்துக்கொண்டிருந்த அம்மா கூடையோடு வந்து எட்டிப் பார்த்தார். "ஏமப்பா, ரோட்டுல எடமில்லையா?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார்.

பாய் மூச்சிரைக்க வந்து என்னை வெளியே இழுத்தார். அடிபடவில்லை என்று தொட்டுத் தொட்டுப் பார்த்த பிறகுதான் திட்டினார். "தண்ணி பூரா ரோட்டுல கொட்டிக்கினு வருது, நிறுத்துங்கன்னு கத்தறன், கையாட்டிக்கினு போறீங்களே சார்!"

"முள் இறங்கிச்சு பாய்..."

"தண்ணி இருந்தாத்தான சார் அந்த மீட்டரு சூடு காட்டும்? உள்ள வெறும் காத்து. அது எதக் காட்டும்?"

தணிகாசலம் குடையைத் தடியாக ஊன்றிக்கொண்டு பாத்திகளைத் தாண்டி வந்தார். முதலில் என் பேன்ட்டைப் பார்த்தார். "ரேடியேட்டர் தண்ணி சார்" என்றேன், கேட்காமலே. மூக்குப் பக்கம் போய் மாலையை விலக்கினார். வெள்ளி ஹோஸ் தொங்கிக்கொண்டிருந்தது. கிளிப்பை ஒரு விரலால் தள்ளினார். வளையல் மாதிரி சுற்றியது.

"யார் மாட்டினது?"

பாய் முகம் வெளுத்துவிட்டது. "நேத்து நான்தாங்க இறுக்கினேன். எப்படி கழண்டுதுன்னு தெரியல..." ஹோஸ் கழன்ற வண்டி என்று ஒன்று அவர் பட்டறையிலிருந்து போனதே இல்லை. அந்த மனிதர் ஒரு அந்நியர் முன்னால் தலைகுனிந்து நிற்கிறார், நான் பேசாமல் நிற்கிறேன். வசந்தா கைநழுவிப் போய்விடுவாள் என்ற பயம் வாயை அடைத்துவிட்டது. இன்றைக்கும் அந்தச் சில விநாடிகளை நினைத்தால் எனக்கு என்மேல் அருவருப்பாகத்தான் இருக்கிறது. விமானம் குப்புற விழுந்ததைப் பற்றி அவ்வளவு வெட்கமில்லை.

தணிகாசலம் ஹோஸின் நுனியை முகர்ந்தார். "தேங்காய் எண்ணெய். பாய், கையைக் காட்டுங்க." பாயின் கையில் கறுப்புக் கிரீஸ். "நீங்க?" நான் நீட்டினேன். பத்து விரலிலும் வெள்ளிப் பெயின்ட், நகம் உடைந்திருந்தது.

"நான்தான் சார் கழற்றினேன். நான்தான் மாட்டினேன். பாய்கிட்டச் சொல்லல" என்றேன். பிடிபட்ட பிறகு சொன்ன உண்மைக்கு எந்த மரியாதையும் கிடையாது என்று எனக்குத் தெரியும். பாய் என்னைப் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மாட்டினதும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தீங்களா?"

"இல்ல சார்."

"ஹௌதா" என்றார். காபிகூடக் குடிக்காமல் பெங்களூர் பஸ் ஏறிவிட்டார்.

"போச்சு" என்று மாமா சேற்றில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட கேக்காதீங்க, அந்தத் தக்காளித் தோட்டத்து அம்மாகிட்ட கேளுங்க" என்றார். அவரிடமும் போய்க் கேட்டேன். எட்டாம் நாள் மாமா மத்தூரிலிருந்து ஓட்டமாக வந்தார். சம்பந்தம் சம்மதமாம்!

"அவர் என்ன சொன்னார், மாமா?"

மாமா கொஞ்சம் தயங்கிவிட்டு அப்படியே ஒப்பித்தார். "பையன் நெஜமாவே பறந்து எங்கயாவது விழுந்து, எம் பொண்ணு விதவையாயிடுவாளோன்னுதான் பயந்துக்கிட்டு வந்தேன். நேர்ல பார்த்தேன். அந்த ஆபத்தே இல்ல. அவரால தரையை விட்டுக் கிளம்பவே முடியாது. நம்பிக் குடுக்கலாம்."

இதைவிடக் கேவலமான பாராட்டு எந்த மாப்பிள்ளைக்கும் கிடைத்திருக்காது. நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

கல்யாணம் ஓசூரில் நடந்தது. பாய் முன்வரிசையில் புதுச்சட்டையோடு உட்கார்ந்திருந்தார். கெட்டிமேளம் முழங்க முடிச்சுப் போட்டேன். மேளம் ஓய்ந்த அந்த ஒரு நொடியில், பின்னால் நின்றிருந்த மாமனார் மண்டபத்துக்கே கேட்கும்படி, "மாப்பிள்ளை, இழுத்துப் பாருங்க" என்றார். பாய் எழுந்து நின்று சிரித்தார். நான் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். "மெதுவா. இது ரப்பர் குழாய் இல்ல" என்றாள் வசந்தா. அவள் மனைவியானபின் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் முடிச்சு விழுந்ததும் யாராவது ஒருவர் குரல் கொடுத்துவிடுவார்கள். என் மகள் கல்யாணத்தில் மண்டபமே சேர்ந்து, "இழுத்துப் பாரு!" என்று கத்தியது. மாப்பிள்ளைப் பையன் மிரண்டுபோனான். அவன் அம்மா வசந்தாவிடம் குனிந்து, "இது உங்க வீட்டு வழக்கங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, எங்க அப்பா காலத்துலேர்ந்து" என்றாள் வசந்தா, என்னைப் பார்க்காமல். பையன் மூன்று முடிச்சையும் ஒவ்வொன்றாக, சிரத்தையாக இழுத்துப் பார்த்தான்.