லெஃப்சா யார் வீட்டு நாய்?

அன்புள்ள தம்பி டெல்மருக்கு,

அக்கா ஆர்டிஸ் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், கடைவாய்ப் பல் ஒன்று நீங்கலாக. அங்கே நீயும் மார்லிஸும் மாடுகளும் சுகம்தானே? இரண்டு வயல் தாண்டி இருப்பவனுக்குக் கடிதம் எதற்கு என்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பாய். கடிதம் படிக்கும்போது சிரித்துக்கொள், எனக்குக் கேட்காது.

அறுவடை முடிந்த வாரம் காபிக் கடையில், ஊரே உட்கார்ந்திருக்க, நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய். "ஏக்கா, வில்லும் அம்புமா ஃபெசன்ட் காட்டுக்கோழி அடிக்கப் போறியாமே? ஏன், கடையில கோழி தீந்துபோச்சா?"

கேள்வி கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் நான் எந்த வகுப்பையும் முடித்ததில்லை. ஆகவே கேள். போன வருஷம் சர்ச்சில் நடந்த வேட்டை விருந்தில், நீ சுட்டு மார்லிஸ் சமைத்த கோழியை ஆசையாகக் கடித்தேன். உள்ளே உன் துப்பாக்கி ரவை இருந்தது. என் பல் இரண்டாகப் பிளந்தது. அதற்கு நீ என்ன சொன்னாய்? "கடிக்கறதுக்கு முன்னாடி நாக்கால துழாவிப் பாக்கணும்க்கா, இதுகூடவா தெரியாது?" அம்பு கறிக்குள் ரவையை விட்டுவைப்பதில்லை, டெல்மர். பல்லும் என்னுடையது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கேள்வியோடு நிறுத்தினாயா? "இந்த வருஷ விருந்துக்குள்ள அம்பால ஒரு ஃபெசன்ட் சேவல், ஒண்ணே ஒண்ணு, அடிச்சுக் கொண்டா பாப்போம். இல்லன்னா லெஃப்சா என் வீட்டுக்கு வந்துரணும். நல்ல வேட்டை நாய வெச்சுக்கிட்டு நீ வெளையாடிக்கிட்டிருக்க" என்றாய். நான் ஓய்வு பெற்ற அன்று நீயே குட்டியாக என் மடியில் போட்ட நாய் அது. அதைப் பழக்கியது நீ என்பது உண்மை. அது என் காலடியில்தான் தூங்குகிறது என்பதும் உண்மை. "சரி" என்றேன். கடையே கைதட்டியது.

பறக்கும் பறவைக்கு விடும் அம்பின் வாலில் வான்கோழி இறகு, ஒட்டடைக் குச்சி மாதிரி, கொத்தாக இருக்கும். கொஞ்ச தூரம் வேகமாகப் போகும், பிறகு இறகு காற்றில் சிக்க, களைத்த பிள்ளை மாதிரி தொப்பென்று உட்கார்ந்துவிடும். குறி வைக்க வேண்டியது பறவை இருக்கும் இடத்தை அல்ல, அது போகப்போகும் இடத்தை. மைதானத்தில் ஓடுகிற பையனுக்குப் பந்து எறிவது போலத்தான்; அவன் இருக்கும் இடத்துக்கு எறிந்தால் அவன் முதுகுக்குப் பின்னால் போகும். இதையெல்லாம் நன்றாகப் புரிந்துகொண்டு, பக்கத்து வீட்டு ஐலீன் காபி டப்பா மூடியை மேலே எறிய, நான் அம்பை விட, அது மூடியைச் சட்டையே செய்யாமல் போய், கொடியில் காய்ந்த அவள் புருஷனின் கம்பளி உள்கால்சட்டையைச் சொல்லக்கூடாத இடத்தில் துளைத்துக்கொண்டு நின்றது. ஐலீன் போய்ப் பார்த்தாள். "நல்லவேளை, உள்ள ஆளு இல்ல. அடுத்த மூடி எறியவாடி?" அப்படியொரு சிநேகிதி உனக்கு உண்டா?

சீசன் தொடங்கியது. முதல் அம்பு வைக்கோல் உருண்டைக்குள் போனது, அடுத்தது சோளத்தட்டைக்குள், சேவல் எழும்பினால் மூக்குக் கண்ணாடியைப் பனி மூடிக்கொள்ளும், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் பெட்டைதான் எழும்பும், பெட்டையை அடிக்கச் சட்டம் விடாது. இப்படியே நாளைக்கு விருந்து என்றாகிவிட்டது. இன்று காலை சதுப்போரம் போனோம். லெஃப்சா புல்லுக்குள் மூக்கை நுழைக்க, சேவல் ஒன்று கத்திக்கொண்டு எழும்பியது. அது போகப்போகும் இடத்துக்கு விட்டேன். பட்டது, டெல்மர்! நாணலுக்குள் விழுந்தது. "போ, எடுத்துட்டு வா" என்றேன். லெஃப்சா உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தது. நானே இறங்கித் தேடினேன், சேறு ஒரு பூட்ஸை வாங்கிக்கொண்டது, சேவல் அகப்படவில்லை. ஒற்றைப் பூட்ஸோடு நிற்கும்போதுதான் உறைத்தது. துப்பாக்கி வெடித்த பிறகுதான் எடுக்கப் போக வேண்டும் என்று நீ அதைப் பழக்கியிருக்கிறாய். வில்லோ வெடிப்பதில்லை. லெஃப்சாவைப் பொறுத்தவரை நான் இன்னும் சுடவே இல்லை!

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கடைசி பெஞ்சை அடக்குகிற குரலில், "டமால்!" என்று கத்தினேன். லெஃப்சா நாணல் கிழிய ஓடி, சேவலோடு திரும்பி வந்தது.

சாலையில் ஐலீனின் புருஷன் டிராக்டரை நிறுத்திவிட்டார். "யாரு டீச்சர் சுட்டது?"

"நான்தான். வாயால."

நாளை அந்தச் சேவல் பாலேட்டில் வெந்து மேசைக்கு வரும். தைரியமாகக் கடி, நாக்கால் துழாவ வேண்டாம். லெஃப்சா என்னுடையது. உன் துப்பாக்கியை அது அடியோடு மறந்துவிட்டது. அடுத்த வருஷமும் வில்தான், அதற்கடுத்த வருஷமும் வில்தான்.

குளிர்காலம் முழுக்க உன் தண்ணீர்க் குழாய் உறையாமலும், மார்லிஸின் முழங்கால் வலிக்காமலும், உன் பற்கள் எல்லாம் இருந்த இடத்திலேயும் இருக்கட்டும்.

தோற்றுப் பழகாத உன் அக்கா,
ஆர்டிஸ்

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் வயல் பக்கம் துப்பாக்கி வெடித்தது. லெஃப்சா கம்பிவலைக் கதவைக் கிழித்துக்கொண்டு ஓடிவிட்டது. மார்லிஸ் போன் செய்தாள்: "அண்ணி, உங்க நாய் எங்க அடுப்புப் பக்கத்துல படுத்திருக்கு. இவரு தரையில கால் பாவாம நிக்கிறாரு." நில். குதிக்காதே. கடிதத்தை ஐலீனின் புருஷனிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்து முடித்ததும் துப்பாக்கியை உள்ளே வைத்துப் பூட்டு. லெஃப்சாவைக் கொல்லைக்குக் கூட்டிப் போய், வெட்கப்படாமல், வாயால் ஒரே ஒரு தடவை "டமால்" என்று கத்திவிட்டு, அது உன்னைப் பார்க்கிறதா, என் வீட்டுப் பக்கம் பார்க்கிறதா என்று பார்.