ஆதாரம் அண்ணனின் அரை முகம்

கண்டியில் தன் மூஞ்சியைச் சரிபாதியாகப் பங்கு பிரித்து விஞ்ஞானத்துக்குக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் ஆதாரம் அண்ணன்தான்.

காப்புறுதிக் கந்தோரில், இன்சூரன்ஸ் கோப்புகளுக்கு நடுவே, எனக்குப் பக்கத்து மேசை. "ஆதாரம் எங்க?" என்று கேட்காமல் எதையும் நம்பமாட்டார். மழை பெய்கிறது என்று சொன்னால், யன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பார். பருப்பு வடையைப் பிட்டு, உள்ளே பருப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கடிப்பார்.

ஒரு நீண்ட காய்ச்சலில் நான் இளைத்து, கன்னம் தொங்கிப் போனது. நாற்பத்தெட்டு வயதுக்காரிக்கு பஸ்ஸில் "உக்காருங்க ஆச்சி" என்று எழுந்து இடம் கொடுத்தார்கள். மகளின் கல்யாணம் வேறு நெருங்கியது; படத்தில் நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் கட்டுகஸ்தோட்டையில் பி.ஆர்.பி. ஊசி போடுவதாகக் கேள்விப்பட்டேன். நம் இரத்தத்தையே எடுத்து மெஷினில் சுழற்றி, தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை முகத்தில் ஏற்றுவார்களாம். சுருக்கம் போய்விடுமாம்.

"போயிடும்னு யாரு சொன்னா?" என்றார் அண்ணன்.

"போன்ல வீடியோ பார்த்தேன்."

"வீடியோ எல்லாம் ஒரு ஆதாரமா? பொறுங்க தங்கச்சி. மொதல்ல என் மூஞ்சில பார்ப்போம்."

விளையாட்டு என்று நினைத்தேன். மறுவாரமே டொக்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். "ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் வெறும் உப்புத் தண்ணி. எது எங்கன்னு எங்கிட்ட சொல்லாம, எழுதி கவர்ல ஒட்டித் தாங்க" என்று ஒரே அடம். மாதம் ஒரு தடவையாக மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் தேன்கூட்டில் கல்லெறிந்தவரைப் போல வீங்கி வந்து, ஒன்றும் நடக்காதது போலக் கோப்புகளைப் புரட்டுவார்.

பிறகு வாக்கெடுப்பு. கந்தோர், கேன்டீன், கடுகண்ணாவையிலிருந்து ரயிலில் கூட வருபவர்கள், யாரையும் விடவில்லை. "நல்லா பாத்து சொல்லுங்க, எந்தப் பக்கம் இளமையா இருக்கு?"

சிலர் இடது என்றார்கள், சிலர் வலது என்றார்கள். கேன்டீன் அக்கா மட்டும், "ரெண்டு பக்கமும் ஒரே கிழவன்தாங்க" என்றார். அதையும் எழுதிக்கொண்டார்.

கவரைப் பிரித்தோம். மருந்து ஏறியது இடப்பக்கம். அண்ணன் கண்ணாடி முன்னால் வெகுநேரம் கன்னங்களைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"தோலு கொஞ்சம் மெத்துன்னு இருக்கு. கோடெல்லாம் அப்பிடியேதான் நிக்கிது. ஒரு மூஞ்சிய வச்சு முடிவா சொல்லவும் முடியாது. இனி நீங்கதான் யோசிக்கணும் தங்கச்சி."

கொஞ்சம் கிடைத்தாலும் போதும் என்று நானும் போனேன். கல்யாணத்தன்று படத்துக்கும் நின்றேன். மாறியது முகமா மனசா என்று இன்றுவரை தெரியாது.

எனக்கு மறக்காதது நான் ஊசி போட்டுக்கொண்ட நாள்தான். எரியும் முகத்தோடு வெளியே வந்தால், வாசல் கதிரையில் அண்ணன். மடியில் ஐஸ் போட்ட பிளாஸ்க்.

"வலிக்கும்னு ஒங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன். அதான் வந்தேன்."

ஐஸைக் கைக்குட்டையில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பஸ் வரும்வரை, வெயில் என் முகத்தில் படாதபடி மறைத்துக்கொண்டு அவர் நின்றார்.