பன்னிரண்டு மீட்டர் அமைதி

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மனைவி தாட்சாயிணியிடம் தோற்பதில்லை என்று ஹேமநாதன் முடிவெடுத்தபோது, பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மூன்றாவது சுற்று நடந்துகொண்டிருந்தான். உடம்புக்கு இரண்டு சுற்று போதும். மூன்றாவது, வீட்டுக்குப் போகாமல் இருக்க.

தாட்சாயிணி கெட்டவள் இல்லை. பேசுவாள், அவ்வளவுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் பர்சேஸ் ஆபீசர். பகலெல்லாம் போல்ட்டு விற்பவர்களிடம் பேரம் பேசுவாள். மீதியைச் சாயங்காலம் புருஷனிடம் பேசுவாள். பதினெட்டு வருஷத்தில், அவள் கேட்காமல் தானாக ஒரு வாக்கியத்தைத் தொடங்கி ஹேமநாதன் முடித்தது மூன்றே முறை. இரண்டு முறை அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மூன்றாவது முறை அவள் ஊரில் இல்லை.

அப்படிப்பட்டவனை ஜனவரியில் ஆபீஸ்காரர்கள் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போய், முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக் கடலுக்குள் இறக்கிவிட்டார்கள். பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் அவனுக்கு ஒரு பேருண்மை தெரிந்தது. அங்கே யாரும் பேச முடியாது. எல்லோர் வாயிலும் காற்றுக்குழாயின் ரப்பர். தன் மூச்சுச் சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. முகக்கண்ணாடிக்குள்ளேயே அழுதுவிட்டான்.

அதன்பின் நண்பன் பாண்டியனையும் இழுத்துக்கொண்டு முறையாகப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினான். மாதம் ஒரு சனிக்கிழமை கடல் என்று திட்டம். அதற்கு ஒரு டைவ் கம்ப்யூட்டர் வேண்டும். பெயர்தான் கம்ப்யூட்டர், பார்க்கக் கைக்கடிகாரம் மாதிரி இருக்கும். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், அங்கே இன்னும் எத்தனை நிமிஷம் தங்கலாம் என்று காட்டும். அவசரப்பட்டு மேலே வந்தால் கத்தும். இரண்டு வாரம் இன்டர்நெட்டைத் துருவி, முப்பத்தெட்டாயிரத்தில் ஒன்றின்மேல் மனசைப் பறிகொடுத்திருந்தான். கலர் திரை, திசைகாட்டி, போனோடு இணைப்பு. இதெல்லாம் தேவையா என்றால் தேவையில்லை. காதலில் தேவையையா பார்க்கிறார்கள்?

வீட்டில் எப்படிக் கேட்பது என்பதற்குப் பாண்டியன் வழி சொன்னான். அவனுக்குக் கரையான்சாவடியில் வண்ணமீன் கடை.

"இன்னா மாமே, ஊட்ல கேட்டியா?"

"கேக்கறதுக்கு முன்னாடியே பதில் தெரியுதுடா."

"உனுக்குக் கேக்கத் தெரீல. என் கடைக்குத் தொட்டி வாங்க வர்றவனுக்கு மொதல்ல செவுரு நீளத்துக்கு ஒண்ணு காட்டுவேன். பயந்துருவான். அப்பால ஊறுகா பாட்டிலாட்டம் ஒண்ணு காட்டுவேன். வெக்கப்பட்டுருவான். நடுவுல கீறத அவனே கை நீட்டி எட்துப்பான். நீயும் மூணு காட்டு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஹேமநாதன் மூன்று விலையில் மூன்று கம்ப்யூட்டரைப் பட்டியல் போட்டு, பிரிண்ட் எடுத்து, சாப்பாட்டு மேஜையில் வைத்தான். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தாட்சாயிணி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அவள் கண்ணாடி மாட்டியதும் அவன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டான்.

"ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அப்படி என்ன பண்ணும்?"

"சிலிண்டர்ல எவ்வளவு காத்து மிச்சம்னு கையிலயே காட்டும்."

"இப்ப எப்படிப் பாக்கறீங்க?"

"பக்கத்துல ஒரு மீட்டர் தொங்கும். எடுத்துப் பாக்கணும்."

"அப்ப எடுத்துப் பாருங்க." பேனாவால் ஒரு கோடு. முதலாவது போயிற்று. எல்லாம் பாண்டியன் சொன்னபடியே நடக்கிறது என்று அவன் உள்ளுக்குள் குதித்தான்.

"இந்தப் பதினேழாயிரத்து ஐந்நூறு?"

"அது சும்மா. கறுப்பு வெள்ளை. ரெண்டே பட்டன்."

"ஆழம் காட்டுமா?"

"காட்டும்."

"வேகமா மேல வந்தா கத்துமா?"

"கத்தும். ஆனா நாராசமா கத்தும்."

"இனிமையா கத்தினா மெதுவா வருவீங்களோ? சரி, நடுவுல இருக்கறதுல திசைகாட்டி எதுக்கு?"

"திரும்பி வர வழி தெரியணும்ல."

"பூந்தமல்லி போறதுக்கே மேப் போடற ஆளு நீங்க. உள்ள யார் கூட்டிட்டுப் போறா?"

"ஒரு வழிகாட்டி வருவார்."

"அவர்கிட்ட திசைகாட்டி இருக்கா?"

"இருக்கு."

ஒரு வெங்காயம் உரிந்தது. ஆழம் காட்டும் கருவி கேட்டு வந்தவனை அவள் ஆழம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, பாண்டியண்ணன் ஒண்ணு வாங்கினா, ரெண்டு பேரும் அதையே பாத்துக்கக் கூடாதா?"

ஹேமநாதன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். "இது உயிர் விஷயம் தாட்சா. ஜோடி இல்லாம யாரும் உள்ள இறங்கக் கூடாது. ஒருத்தர் கையில இருக்கறத இன்னொருத்தர் நம்பவும் கூடாது. ஆளுக்கு ஒண்ணு இருந்தே ஆகணும்."

தாட்சாயிணி குறுக்கே பேசவில்லை. அப்போதே அவன் பயந்திருக்க வேண்டும்.

"நீங்க சொல்றது சரிதாங்க," என்றாள். "முப்பத்தெட்டாயிரம் வரைக்கும் ஒத்துக்கறேன். கடைக்காரர் நம்பரைக் குடுங்க. வாங்கறது என் தொழில்."

அன்று ஹேமநாதன் ஏரியை நாலு சுற்று சுற்றினான். சந்தோஷத்தில்.

அதோடு இன்னொரு அதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது. அடுத்த மூன்று வாரமும் சனி, ஞாயிறு அவள் வீட்டில் இல்லை. பாண்டிச்சேரியில் சப்ளையர் கம்பெனியைப் பார்வையிடப் போவதாகச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் முகம் கறுத்துத் திரும்பினாள். அது எந்த சப்ளையர், மொட்டை வெயிலில் என்ன பார்வை என்று அவன் கேட்கவில்லை. வீட்டில் கிடைத்த நிசப்தத்தைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

நாலாவது ஞாயிறு அவன் முன்னால் ஒரு பார்சலை வைத்தாள். பிரித்தான். கறுப்பு வெள்ளைத் திரை. இரண்டே பட்டன். அதன் கீழே, அதே மாதிரி இன்னொன்று.

"ரெண்டு இருக்கே," என்றான்.

"ஆளுக்கு ஒண்ணு வேணும்னு நீங்கதானே சொன்னீங்க. ரெண்டுக்கும் முப்பத்தஞ்சாயிரம் சொன்னாரு. சேர்த்து எடுக்கறதால முப்பத்தொண்ணுன்னேன். குடுத்துட்டாரு."

"பாண்டியனுக்கு நாம எதுக்கு வாங்கணும்?"

அவள் கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். அவன் வாங்கிய அதே பயிற்சிச் சான்றிதழ். அதன் போட்டோவில் தாட்சாயிணி சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரம் எந்த சப்ளையரைப் பார்த்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

"பாண்டியண்ணன்கிட்ட சொல்லிட்டேன். அவருக்குச் சனிக்கிழமைதானே வியாபாரம். 'தங்கச்சி கூட கீதுன்னா எனுக்கு நிம்மதி'ன்னாரு."

ஹேமநாதன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உயிர் விஷயம்னு சொன்னதுலருந்து எனக்குத் தூக்கமே இல்லைங்க. நான் பக்கத்துல இல்லாதப்ப உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா, அப்புறம் நான் யார்கிட்டங்க பேசுவேன்?"

அவள் குரல் நிஜமாகவே கம்மியது. இதற்குமேல் ஒரு மனுஷன் என்ன சொல்ல முடியும்? கையை நீட்டினான். அவளே கட்டிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பாண்டிச்சேரி. வழி நெடுகக் காருக்குள் அவள் பேசினாள். படகிலும் பேசினாள். ஹேமநாதன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். எப்படியும் தண்ணீருக்குள் அவள் வாயிலும் ரப்பர்தான் என்பது ஒன்றே அவனுக்கு மிச்சமிருந்த ஆறுதல்.

இறங்கினார்கள். சத்தம் அடங்கியது. மஞ்சள் மீன் கூட்டம் ஒன்று மெதுவாகத் திரும்பியது. கையைப் பார்த்தான். ஆழம் பன்னிரண்டு மீட்டர். இன்னும் தொண்ணூற்றொன்பது நிமிஷம் தங்கலாம் என்றது கம்ப்யூட்டர். கண்ணாடிக்குள் மறுபடி கண் கலங்கியது.

தோளில் யாரோ தட்டினார்கள்.

தாட்சாயிணி இடுப்பிலிருந்து வெள்ளையாக ஒரு சின்ன எழுதுபலகையை உருவினாள். நூலில் பென்சில் தொங்கியது. தண்ணீருக்குள் எழுதுவதற்கென்றே செய்தது. கடைக்காரரிடம் இலவசமாகக் கேட்டு வாங்கியிருக்கிறாள். ஏதோ எழுதி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

'சிலிண்டரை மூடினீங்களா?'

ஹேமநாதன் பதறிப்போய் முதுகைத் தடவினான். காற்று வந்துகொண்டுதான் இருந்தது. அவள் தலையை ஆட்டி, கீழே இன்னொரு வார்த்தை சேர்த்தாள். 'வீட்ல.'

மூடிவிட்டேன் என்று கை காட்டினான். அவள் பலகையைத் துடைத்துவிட்டு, அடுத்ததை எழுத ஆரம்பித்தாள்.